விளையாட்டுப் பெட்டிக்குப் பூட்டு: போடுவது எப்படி, எடுப்பது எப்படி?



இந்த முறை சுவரிதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, வீடியோ கேம் கன்சோலில் பெற்றோர் போடும் பூட்டு. "நம்ம ஊர்ல எத்தனை வீட்ல கன்சோல் இருக்கு, இதைப் போய் எழுதுறியே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், விரல் விட்டு எண்ணிவிடலாம். துபாய், சிங்கப்பூர் என்று போன மாமா, சித்தப்பா கொண்டுவந்தால் உண்டு. இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கி வருவார்கள். ஆனால் செல்போன் இல்லாத வீடு இல்லை. இரண்டுக்கும் பூட்டின் விதி ஒன்றுதான். அதனால் எல்லாரும் படிக்கலாம்.

1. பூட்டு என்றால் என்ன?

இதை இங்கிலீஷில் பேரண்டல் கன்ட்ரோல்ஸ் என்பார்கள். பெற்றோர் கட்டுப்பாடு என்று நாம் சொல்லலாம். இது பெட்டிக்கு வெளியே தொங்கும் பூட்டு இல்லை. பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு ஏற்பாடு. ஒரு ரகசிய எண் இருக்கும். அதற்குப் பின் நம்பர் என்று பெயர். அந்த எண் தெரிந்தவர்தான் பூட்டலாம், திறக்கலாம்.

இந்தப் பூட்டு நான்கு விஷயங்களைக் காக்கிறது.

அ) நேரம்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணி வரை.
ஆ) வயது: எந்த வயதுப் பிள்ளை எந்த ஆட்டம் ஆடலாம்.
இ) பணம்: ஆட்டத்துக்குள் துப்பாக்கி, சட்டை, வைரம் என்று விற்பதை வாங்கலாமா, கூடாதா.
ஈ) பேச்சு: முன்பின் தெரியாதவர்களோடு பேசலாமா, கூடாதா.

ஆட்டத்தின் வயதை நாம் ஊகிக்க வேண்டாம், அட்டையிலேயே போட்டிருக்கும். அமெரிக்காவில் 1994 முதல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு முத்திரை தருகிறது. ஈ என்றால் எல்லாரும், டி என்றால் 13 வயது முதல், எம் என்றால் 17 வயது முதல். ஐரோப்பாவில் 2003 முதல் பெகி முத்திரை. அதில் 3, 7, 12, 16, 18 என்று எண்ணே இருக்கும். இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் அந்த எண்ணைப் படித்துவிடலாம்.

2. பூட்டு எதற்கு?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குத் தெரியும். அளவு எது என்பதில்தான் சண்டை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமை நிலையைச் சேர்த்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்று அடையாளம் சொல்கிறார்கள். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது. சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும்விட ஆட்டம் பெரிசாகிப் போவது. கெடுதல் வருவது தெரிந்தும் விடாமல் ஆடுவது. இது பொதுவாக ஒரு வருடமாவது நீடித்திருந்தால்தான் நோய் என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடும் பிள்ளையை "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று திட்டுவது சரியில்லை. உண்மையிலேயே விட முடியாதவர்களுக்காக பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014-ல் தனி கிளினிக்கே தொடங்கினார்கள். அதற்கு ஷட் கிளினிக் என்று பெயர்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல வீட்டில் அப்பா விடியற்காலை இருட்டிலேயே ஏரிக்கோ கடலுக்கோ போய்விடுவார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விடுவாங்க. வீட்டில் ஆயாவும் பிள்ளைகளும்தான். ஆயாவுக்கு அந்தப் பெட்டியில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது. பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் பார்ப்பதற்குத்தான் பூட்டு.

3. அரசாங்கமே பூட்டினால் என்ன ஆகும்?

இதைத் தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சில நாடுகளில் அரசாங்கமே பூட்டு போட்டுப் பார்த்திருக்கிறது.

சீனாவில் 2021 செப்டம்பரில் ஒரு விதி வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை ஆன்லைன் ஆட்டம் ஆடலாம். மற்ற நேரம் கிடையாது.

தென் கொரியாவில் 2011 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கம்ப்யூட்டரில் ஆன்லைன் ஆட்டம் ஆடக்கூடாது. 12 மணிக்கு எல்லாம் நின்றுவிடுவதால் சிண்ட்ரெல்லா சட்டம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். ஆட்டமெல்லாம் செல்போனுக்கு மாறியது, சட்டமோ கம்ப்யூட்டரோடு நின்றது. கடைசியில் 2022 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் ஆட்டத்தைத் திறந்து வைக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டார்கள். அதாவது பூட்டை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி உள்பட 118 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. 2021-ல் அதே மாதிரி ஆட்டம் வேறு பெயரில் வந்தபோது, 18 வயதுக்குக் கீழே என்றால் நாளைக்கு 3 மணி நேரம்தான், பெற்றோர் போன் நம்பர் தர வேண்டும் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு விதிகள் வந்தன. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே உள்ளே போகக்கூடாது என்றது அது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பு கூறியது. அதற்குப் பிறகு 2025 ஆகஸ்டில் பண ஆட்டத்தையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தகவலை வாங்க, சரிபார்க்கக் கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் விதியை 18 மாதம் கழித்து நடைமுறைக்குக் கொண்டுவரும்படி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் நல்லதுதான். ஆனால் பெற்றோர் நம்பர் என்று கேட்கும் கட்டத்தில் யார் நம்பரைப் போடுகிறோம் என்று சட்டம் நம் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்காது. கொரியாவில் நடந்தது அதுதான்.

4. நின்டெண்டோ ஸ்விட்சில் பூட்டு போடும் முறை

எங்க வீட்டுக்கு என் மாமா ஒரு ஸ்விட்ச் கொண்டுவந்தார். தம்பி ஆறாவது படிக்கிறான். "நீதான் இங்கிலீஷ் படிப்ப, நீயே பூட்டு போட்டுடு" என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் எழுத்தைப் படித்துச் சொன்னேன், ஆனால் பின் நம்பரை அப்பாவையே அழுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். ஏனென்றால் பூட்டுவதும் நானே, சாவியும் என்னிடமே என்றால் அது பூட்டே இல்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. எண் வராதா? இறால் ஏலத்தில் கிலோ கணக்கும் ரூபாய் கணக்கும் மனசாலேயே போடுகிறவர். பின் நம்பர் வெறும் எண்தான்.

செய்முறை இதுதான்:

(1) பெரியவர் போனில் ஸ்விட்சுக்கான பெற்றோர் கட்டுப்பாடு ஆப்பை இறக்க வேண்டும். அது இலவசம்.
(2) பெரியவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். பிள்ளை பெயரில் தொடங்கினால் பயன் இல்லை.
(3) ஆப் ஒரு எண் தரும். அதைக் கன்சோலில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதற்குள் பேரண்டல் கன்ட்ரோல்ஸ் என்ற இடத்துக்குப் போய் அடித்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.
(4) வயதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு குழந்தை, குழந்தை, டீன் என்று தயாராகவே இருக்கும். நாமே தனியாகவும் அமைக்கலாம்.
(5) தினசரி நேரமும் தூங்கும் நேரமும் வைக்க வேண்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளுக்கும் வேறு நேரம் வைக்க முடியும்.

ஆப் இல்லாமல் கன்சோலிலேயே பூட்டலாம். ஆனால் அப்படிப் பூட்டினால் நேரத்தைக் கட்டுப்படுத்தாது. நேரத்துக்கு ஆப் கண்டிப்பாக வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நேரம் முடிந்ததும் கன்சோல் முதலில் "நேரம் முடிந்தது" என்று எச்சரிக்கும், அவ்வளவுதான். ஆட்டம் தானாக நிற்காது. ஆட்டத்தை நிறுத்து என்று ஆப்பில் ஒரு தனி பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டி வைத்தால்தான் நிற்கும். நாங்கள் அதைத் தட்டவில்லை. எச்சரிக்கை வந்ததும் தானே நிறுத்த வேண்டும், எத்தனை நிமிடம் கூட ஆடினான் என்று ஆப் அப்பாவுக்குக் காட்டும், என்று பேசி வைத்தோம். ஒரு மாதத்தில் சரிவரவில்லை என்றால் தட்டிவிடலாம் என்றும் தம்பியிடம் சொல்லித்தான் வைத்தோம்.

5. மற்ற கன்சோல்களில்

பிளேஸ்டேஷனில் குடும்பத் தலைவர் என்று ஒருவர் கணக்கு இருக்கும். அவர்தான் பிள்ளைக்குத் தனிக் கணக்கு உண்டாக்க வேண்டும். நேரம், வயது, பேச்சு, மாதத்துக்கு எவ்வளவு செலவு என்று எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் வைக்கலாம். பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் கடையில் இருந்து வரும்போது பின் நம்பர் 0000 என்றுதான் இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த மாதிரி. எக்ஸ்பாக்ஸிலும் இதேபோல் குடும்பக் குழு உண்டு. பிள்ளை ஏதாவது வாங்க நினைத்தால் பெற்றோரிடம் கேட்கும்படி அமைக்கலாம்.

எந்தக் கன்சோலாக இருந்தாலும் அப்பாவின் வங்கி அட்டை எண்ணை அதில் சேமித்து வைக்கக் கூடாது. இது எல்லாப் பூட்டையும்விட நல்ல பூட்டு.

6. மூன்று பிள்ளை, ஒரு பெட்டி: பாடு முறை

பிளேஸ்டேஷனில் நேரம் ஒவ்வொரு பிள்ளையின் கணக்குக்கும் தனித்தனி. ஸ்விட்சில் அப்படி இல்லை. வைக்கிற நேரம் பெட்டிக்கு மொத்தமாகத்தான். ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், அண்ணன் முதலில் உட்கார்ந்து முழுவதையும் ஆடிவிட்டால் தம்பிக்கு ஒன்றும் மிஞ்சாது. மெஷினுக்கு அளக்கத் தெரியும், பங்கு பிரிக்கத் தெரியாது.

பங்கு பிரிக்க நம் பழவேற்காட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடம் கொஞ்சம்தான். வலை கட்ட ஆள் நிறைய. அதனால் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் உட்கார்ந்து முறை வைக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். அடுத்தவர் பாட்டில் போய் வலை கட்டினால் ஊர் கூப்பிட்டுக் கேட்கும்.

ஏரிக்கு யாரும் பூட்டு போடவில்லை. ஆனாலும் முறை நிற்கிறது. ஏன்? எல்லாரும் கூடி வைத்த முறை, எல்லாருக்கும் தெரிந்த முறை, தலைவருக்கும் அதே முறை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு தாளில் நாட்களை எழுதி, யார் முதல், யார் அடுத்து என்று சுழற்றி, சுவரில் ஒட்டிவிடலாம். எங்க வீட்டில் தம்பியும் பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் ஆடுவார்கள். ஆளுக்கு அரை மணி. முதலில் ஆடுகிறவர் தினமும் மாறுவார். தாள் ஒட்டிய பிறகு சத்தம் குறைந்தது என்று ஆயாவே சொன்னாங்க.

7. பூட்டை எடுக்கும் முறை

பூட்டு போடுவதைவிட எடுப்பதுதான் முக்கியமான பாடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் போட்ட பூட்டு பன்னிரண்டாம் வகுப்பிலும் அப்படியே தொங்கக் கூடாது. எடுப்பதில் மூன்று படி உண்டு.

முதல் படி, ஒரு நாள் தளர்த்துவது. பொங்கல், மாதா கோயில் திருவிழா, ரம்ஜான் என்று விசேஷ நாளில் ஆப்பில் "இன்றைக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டாம்" என்று வைக்கலாம். கன்சோலில் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஓர் அடையாளம் தெரியும். அதைத் தொட்டுப் பெரியவர் பின் நம்பர் அடித்தால் அப்போதைக்கு மட்டும் திறக்கும். கன்சோல் தூங்கி எழுந்ததும் பூட்டு திரும்ப விழுந்துவிடும்.

இரண்டாம் படி, மாற்றுவது. வயது கூடும்போது வரம்பைக் கூட்டுவது. ஆப்பில் மாற்றியது கன்சோலுக்குப் போய்ச் சேர இன்டர்நெட் வேண்டும், மறக்காதீர்கள்.

மூன்றாம் படி, முழுவதும் நீக்குவது. ஸ்விட்சில் பெரியவர் தன் ஆப்பிலிருந்து அந்தக் கன்சோலைப் பதிவு நீக்கம் செய்தால் பூட்டு போய்விடும். ஆப் இல்லாமல் போட்ட பூட்டு என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் அதே இடத்துக்குப் போய், பின் நம்பர் அடித்து, எக்ஸ் பட்டனை அழுத்தி அழிக்கலாம். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் குடும்பத்தின் பெரியவர் தன் கணக்கில் நுழைந்துதான் தளர்த்த வேண்டும். பிள்ளை கணக்கில் இருந்து முடியாது.

பின் நம்பர் மறந்துபோனால்? ஸ்விட்ச் ஆப்பில் பெரியவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆப் இல்லையென்றால், தான் பெரியவர் என்று காட்டிக் கம்பெனியிடம் மாற்று எண் கேட்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-ல் மறந்தால் பெட்டியையே அழித்துப் புதிதாக்க வேண்டியிருக்கும். சேமித்த ஆட்டமும் அதோடு போகலாம். அதனால் எண்ணை ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் அம்மா எழுதி வைப்பது நல்லது.

பழைய கன்சோல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: முன்னாடி வைத்திருந்தவர் பூட்டு அதில் இருந்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கேயே போட்டுப் பார்த்து, பூட்டையும் பழைய கணக்கையும் அவரையே நீக்கச் சொல்லி, அதற்குப் பிறகு வாங்குங்கள்.

8. ஒரு கேள்வி

பூட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல வீட்டில் பையனுக்குப் பூட்டே கிடையாது, பொண்ணுக்குப் போனே கிடையாது. பையன் ராத்திரி பதினோரு மணிக்கு ஆடினால் "சின்னப் பையன் தானே" என்பார்கள். பொண்ணு பாடம் பார்க்க எடுத்தால்கூட "யார்கிட்ட பேசுற" என்று பிடுங்குவார்கள். நான் படித்த வரையில் எந்தக் கன்சோலிலும் பூட்டு போடும்போது ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. வயதைத்தான் பார்க்கிறது. மெஷினுக்குத் தெரிந்த நியாயம் வீட்டுக்கும் தெரிய வேண்டாமா? முறை வைத்தால் எல்லாருக்கும் வைக்க வேண்டும். பாடு அப்படித்தானே?

தோழர்களுக்கும் ஒன்று. நம் அப்பா அம்மா பலருக்கும் அந்தத் திரையில் உள்ள எழுத்து தெரியாது. ஓட்டை எங்கே என்று நமக்குத் தெரியும். அவர்கள் பின் நம்பரை எட்டிப் பார்ப்பது பெரிய சாமர்த்தியம் இல்லை, ஆறு வயசுப் பிள்ளைகூடச் செய்யும். அவர்களிடம் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு வயசு கூடிடுச்சு, அரை மணி கூட்டிக் குடுங்க" என்று காரணம் சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். அடுத்த வருஷம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. போனில் எனக்கும் நேரம் வைத்திருக்கிறார் அப்பா. தேர்வு முடிந்ததும் எவ்வளவு கூட்டுவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

நினைவில் கொள்க

* சாவி பெரியவர் கையில் இருந்தால்தான் பூட்டு.
* பூட்டு போடும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டும்.
* நேரம் மெஷின் அளக்கும். பங்கு நாம்தான் பிரிக்க வேண்டும்.
* வருடம் ஒருமுறை, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், பூட்டைத் தளர்த்தலாமா என்று வீட்டில் பேச வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டுப் போனிலோ கன்சோலிலோ பூட்டு இருக்கிறதா? அதன் எண் யாருக்குத் தெரியும்?
2. உங்கள் வீட்டில் ஓர் ஆட்டத்தின் அட்டையை அல்லது ஆப் பக்கத்தைப் பார்த்து, அதன் வயது முத்திரையை எழுதுக.
3. ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டுப் பாடு தாளைத் தயாரித்துச் சுவரில் ஒட்டுக.

செய்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அடுத்த இதழில் நல்ல பாடு தாள்களை ஒட்டலாம் என்று டீச்சர் சொல்லியிருக்காங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி